எடது கால் முன்னாடி

"பையனோட புது ஊட்டுக்குள்ள நான் எடது கால வெச்சுத்தான் போவப்போறேன்."

மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப்பில் இப்படிச் சொன்ன அம்மாளுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். கையில் ஊன்றுகோல். பக்கத்தில் நின்றவர் தங்கை போலிருக்கிறது, திடுக்கிட்டுத் திரும்பினார்.

"இன்னாக்கா இது? கிரகப்பிரவேசத்துல யாராவது எடது கால வெப்பாங்களா?"

"வலது முட்டிதான மாத்திகீது? படி ஏறும்போது நல்ல கால்தான் முன்னாடி வெக்கணும், எறங்கும்போது ஆபரேஷன் கால். எக்சர்சைஸ் சொல்லிக்குடுக்குற பொண்ணு கண்டிஷனா சொல்லிடுச்சு."

"உன் ஊட்டுக்குள்ள மட்டும் வலது கால வெச்சுப் போற?"

"ரோடு போட்டுப் போட்டு என் ஊடு பள்ளமா பூட்ச்சு. உள்ள போறதுக்கே எறங்கணும். அவன் ஊட்டுக்குப் படி ஏறணும்."

"அன்னிக்கு ஒரு நாள் மட்டும் வலது கால வெச்சிடேன்."

"சமையக்கட்டுப் படில வெச்சுப் பாத்தேன், முட்டி தாங்கல. எல்லார் எதிர்லயும் வுழுந்தா அதுதான் அபசகுனம்."

"அப்ப சேர்ல ஒக்காரு. பசங்க தூக்கிகினு போவட்டும்."

"அவனும் அதான் சொன்னான். தெனம் அழுதுகினே முட்டிய மடக்கினது தூக்கிகினு போறதுக்கா? சம்மந்தி ஊட்டுல இன்னா வேணா பேசிக்கட்டும். நான் நடந்துதான் போவேன்."

பஸ் வந்தது. தங்கை முதலில் ஏறி, திரும்பிக் கை நீட்டினார். அக்கா அந்தக் கையில் ஊன்றுகோலைக் கொடுத்தார். பிறகு இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது காலைப் படியில் வைத்தார்.