பதினோரு மெஷினும் ஒரு விரலும்

அத்தான் — டிஸ்க் டிரைவே இல்லாத கம்ப்யூட்டருக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டவன் நான், மேடம். ஒண்ணுக்கு இல்ல, பதினொண்ணுக்கு. ஒரே நேரத்துல, ஒரே விரலால. இதோ, இந்த விரல்.

மேலாளர் — முதல்ல உட்காருங்க சார்.

அத்தான் — நின்னுட்டே சொல்றேன். உட்கார்ந்தா விஷயம் சின்னதாயிடும்.

மச்சான் — உட்காருங்க அத்தான். மேடத்துக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

மேலாளர் — இவர் யாரு?

அத்தான் — என் வீட்டுக்காரியோட தம்பி. அச்சகத்துல நாப்பது வருஷம் ப்ரூஃப் பார்த்தவன். ஒரு காற்புள்ளி இடம் மாறி நின்னா இவனுக்குச் சோறு இறங்காது. எங்க கல்யாணப் பத்திரிகையிலயே மூணு தப்பு கண்டுபிடிச்சான். அப்போ இவனுக்கு வயசு ஒம்பது.

மச்சான் — பதினாறு.

அத்தான் — பார்த்தீங்களா? என்னைத் திருத்தாம இவனால மூச்சு விட முடியாது.

மேலாளர் — ரெண்டு பேரையும் நம்ம நூலகத்துல தினம் பார்க்கிறேனே. ஜன்னலோர மேஜை. போன மாசம் லிஃப்ட் நின்னப்போ, ஒரு ஹேர்பின்னை வச்சு சரி பண்ணிட்டேன்னு சொன்னது நீங்கதானே?

அத்தான் — ஹேர்பின் இல்ல மேடம், ஊக்கு. முப்பத்தஞ்சு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன் ஹேர்பின் வைப்பானா?

மேலாளர் — கம்பெனி ஆள் வந்து நாள் பூரா வேலை பார்த்துட்டுப் போனார் சார். நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

அத்தான் — நான் ஊக்கு போட்டு வச்சதால ஒரு நாள்ல முடிஞ்சது. இல்லன்னா ஒரு மாசம்.

மச்சான் — அத்தான்...

மேலாளர் — விளையாட இப்போ நேரமில்ல சார். நூலக உதவியாளர் விஷயத்துல இன்னிக்கு முடிவு எடுத்தாகணும். செவ்வாய்க்கிழமை காலையில ஹால்ல இருந்த பத்து கம்ப்யூட்டர், என் ரூம்ல இருக்கிற இது, எல்லாம் கழுவித் துடைச்ச மாதிரி காலி. ஒம்பதாயிரம் புத்தகத்தோட பட்டியல் போயிடுச்சு. அந்தப் பொண்ணே மூணு வருஷம் உட்கார்ந்து டைப் பண்ணினது. இன்னொரு பிரதி கிடையாது.

அத்தான் — அதைத்தான் சொல்ல வந்தேன். அது அந்தப் பொண்ணு இல்ல. நான்.

மேலாளர் — அவளே 'என் தப்புதான்'னு எழுதிக் கொடுத்துட்டா.

அத்தான் — எழுதுவா. ஹாலை விட்டு வெளிய போனது தப்புன்னு எழுதியிருப்பா. குழந்தையோட ஸ்கூல்லேர்ந்து போன். 'பத்து நிமிஷம் பார்த்துக்கோங்க சார்'னு எங்க ரெண்டு பேர்கிட்ட சொல்லிட்டு ஓடுச்சு. எங்க பேரை எழுதியிருக்காதே.

மேலாளர் — இல்ல. எழுதல.

அத்தான் — ம்.

மேலாளர் — சரி, டிஸ்க் இல்லாம எப்படிப் போட்டீங்க? சொல்லுங்க, கேட்கிறேன்.

அத்தான் — மூலையில ஒரு கிழட்டு மெஷின் தூங்கிட்டிருந்துச்சே, அதுக்கு டிஸ்க் போட வாயே கிடையாது. பென் டிரைவைச் செருகினா முகத்தைத் திருப்பிக்கும். 'இதுக்கு ஏதாவது வழி இருக்கா சார்'னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. என்கிட்ட போய் அப்படிக் கேட்கலாமா? மறுநாளே என் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தேன். நெட் வயர் வழியாவே இறக்கிடலாம் மேடம். லேப்டாப்தான் தண்ணித் தொட்டி, வயர் குழாய். யார் யாருக்குத் திறக்கணும்னு லேப்டாப் கேட்கும். சரின்னு ஒரு பட்டனை அமுக்கினா போதும், பழசெல்லாம் அழிஞ்சு புதுசு இறங்கிடும்.

மேலாளர் — ஒரு மெஷினுக்குத் திறக்கப் போய்...

அத்தான் — ஊருக்கே திறந்துட்டேன்.

மேலாளர் — நீங்க பக்கத்துல இருந்தீங்களா சார்? உங்களைத்தான் கேட்கிறேன், ப்ரூஃப் பார்க்கிறவரை.

மச்சான் — நானா... நான் பேப்பர் படிச்சிட்டிருந்தேன் மேடம்.

மேலாளர் — இவர் சொல்றது நடந்துச்சா?

மச்சான் — அத்தான் எப்பவும் ஏதாவது சொல்லிட்டிருப்பார். நான் காதுல போட்டுக்கிறதில்ல.

மேலாளர் — அதான் பார்த்தேன். சரி, அந்தப் பொண்ணை வேலையை விட்டு நிறுத்தற கடிதத்தை மேல்மாடியில டைப் அடிக்கக் கொடுத்திருக்கேன். என் மெஷினுக்குப் பிரிண்டர்னா என்னன்னே இப்போ தெரியல. வாங்கிட்டு வந்துடறேன். நீங்க கிளம்பறதுன்னா கிளம்புங்க.

மச்சான் — ...போயிட்டாங்க. வாங்க, நாமளும் போலாம்.

அத்தான் — எங்க?

மச்சான் — சொல்லிப் பார்த்தாச்சு. நம்பல. என்ன பண்றது?

அத்தான் — எப்படி நம்புவாங்க? நாப்பத்தஞ்சு வருஷமா நீ எனக்குச் சம்பாதிச்சுக் கொடுத்த பேர் அது. நாலு பேர் கூடினா போதும், 'அத்தான் சொன்னா பத்தால வகுத்துக்கோங்க'ன்னு ஆரம்பிச்சுடுவே.

மச்சான் — பின்ன? பதினாறாவது மாடியில அறுந்த லிஃப்ட் கயிறை ஒத்தைக் கையால பிடிச்சேன்னா?

அத்தான் — பிடிச்சது நிஜம். மாடிதான் ரெண்டு.

மச்சான் — கைதான் ரெண்டுன்னு அக்கா சொன்னா.

அத்தான் — உங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் கற்பனை கிடையாது. இன்னிக்குத்தான்டா முதல் தடவையா வகுக்க வேண்டாத கணக்கு ஒண்ணைச் சொன்னேன். கேட்க ஆளில்ல.

மச்சான் — மெதுவா பேசுங்க. அந்தப் பொண்ணு வெளிய பெஞ்சுலதான் உட்கார்ந்திருக்கு.

அத்தான் — தெரியும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னுச்சு. 'சாப்பிட்டீங்களா சார்'னு கேட்டுச்சு. நான் என் செருப்பைப் பார்த்துக்கிட்டே உள்ள வந்துட்டேன்.

மச்சான் — என்கிட்ட பேப்பரை நீட்டுச்சு அத்தான். 'உங்க பக்கத்தை மட்டும் தனியா எடுத்து வச்சேன் சார்'னு. வேலை போகப்போற நாள்ல... என் பக்கத்தை எடுத்து வச்சிருக்கு.

அத்தான் — வாங்கிக்கிட்டியா?

மச்சான் — வாங்கிக்கிட்டேன். மடிச்சுப் பையில வச்சிருக்கேன். மூணு நாளா எதை எடுத்தாலும் எழுத்து கண்ணுல நிக்க மாட்டேங்குது.

அத்தான் — டேய். வாயைத் திறக்காதே. பேப்பர் படிச்சிட்டிருந்தேன்னு சொல்லிட்டே, அதுலயே இரு. உங்க அக்காகிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். என் வாயாலதான் இவ்வளவும் வந்துச்சு, அதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல.

மச்சான் — நம்ப மாட்டாங்க அத்தான்.

அத்தான் — நம்ப வைப்பேன். பொய்யன்ங்கிறது எனக்குப் பழகின சட்டை. உனக்கு அளவு சேராது. வர்றாங்க, தலையைத் தூக்கு.

மேலாளர் — இன்னும் போகலயா சார்? நல்லதாப் போச்சு. வழியில வாட்ச்மேனைக் கேட்டேன். செவ்வாய்க்கிழமை பதினொண்ணு பத்துலேர்ந்து பதினொண்ணு இருபது வரைக்கும் நீங்க லிஃப்ட் பக்கத்துல அவரோட பேசிட்டிருந்தீங்களாம். மெஷினெல்லாம் போனது பதினொண்ணே காலுக்கு.

அத்தான் — அவனுக்கு மணி பார்க்கத் தெரியாது மேடம்.

மேலாளர் — டியூட்டி நோட்டுல எழுதியே வச்சிருக்கார். 'லிஃப்ட் பெரியவர். பத்து நிமிஷம். தாங்க முடியல.'

அத்தான் — ...அப்படியா எழுதியிருக்கான்?

மேலாளர் — நீங்க லிஃப்ட்கிட்ட. உங்க விரல் மட்டும் ஹால்ல. நல்லா இருக்கே சார். அந்தப் பொண்ணு மேல இரக்கப்பட்டுச் சொல்றீங்க. புரியுது. ஆனா ஒரு கதையை நம்பி நான் கையெழுத்துப் போடாம இருக்க முடியாது.

அத்தான் — இரக்கம் இல்ல மேடம், வெட்கம். லேப்டாப் கொண்டுவந்தது நான். வயர் மாட்டினது நான். அமுக்கறதுக்கு முன்னாடி மத்த பத்து வயரையும் கழட்டணும்னு தெரிஞ்சவனும் நான். வயர் எல்லாம் சேர்ற பெட்டி லிஃப்ட் பக்கத்துல இருக்கு. கழட்டத்தான் எழுந்து போனேன். வாட்ச்மேன் வணக்கம் வச்சான். ரெண்டு நிமிஷ வேலை மேடம் அது. அதை விட்டுட்டு... நான் ஊக்குக் கதையைச் சொல்லிட்டு நின்னேன்.

மேலாளர் — ஊக்குக் கதை.

அத்தான் — முதல்லேர்ந்து. அவன் கேட்கவே இல்ல.

மேலாளர் — அப்போ பட்டனை அமுக்கினது யாரு?

அத்தான் — தானா அமுங்கியிருக்கும்.

மேலாளர் — தானாவா?

அத்தான் — மேலேர்ந்து பல்லி விழுந்திருக்கலாம். அந்த ஹால்ல ஒரு பல்லி இருக்கு மேடம், ரெண்டு முழம்...

மச்சான் — அத்தான்.

அத்தான் — நீ பேப்பரைப் படி.

மேலாளர் — போதும் சார். இதைத்தான் கமிட்டியில போய்ச் சொல்லச் சொல்றீங்களா, பல்லி போட்டுச்சுன்னு? நான் கையெழுத்துப் போடறேன். அந்தப் பொண்ணை உள்ள வரச் சொல்லுங்க.

மச்சான் — மேடம்... பேனாவைக் கீழ வைங்க.

அத்தான் — டேய், வேண்டாம்.

மேலாளர் — நீங்களாவது தெளிவாச் சொல்லுங்க. இவர் வந்ததும் சொன்னாரே, பதினொண்ணு, ஒரே நேரம், ஒரே விரல்... அது நடந்துச்சா இல்லையா?

மச்சான் — நடந்துச்சு மேடம். பதினொண்ணும்தான், ஒரே நேரத்துலதான். ஒரே ஒரு திருத்தம்... விரல் அவரோடது இல்ல. 'நான் வர்ற வரைக்கும் தொடாதே'ன்னு சொல்லிட்டுத்தான் போனார். அத்தான் சொல்றதுதானே, அமுக்கினா மட்டும் என்ன நடந்துடப் போகுதுன்னு நினைச்சேன். திரையில ஒரு வரி இருந்துச்சு. 'எல்லா மெஷினுக்கும் போடவா?' அவ்வளவுதான். நாப்பது வருஷம் ஊரார் எழுதினதையெல்லாம் எழுத்தெழுத்தாப் படிச்சவன்... அந்த ஒரு வரியைப் படிக்காம அமுக்கிட்டேன்.