துறைப் பலகையில் ஒரு செருப்பு

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் மார்ச் முடியும்போதும் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ட்ராமில் என் முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள். வெயிலில் கறுத்திருந்த மூத்தவர் சொன்னதைக் கேட்டு, வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மடித்துவிட்டேன்.

“விண்டர் முழுக்க மலேசியாவில, லங்காவித் தீவில, எங்கட படகிலதான் இருந்தம். ஆனால் கடலுக்குள்ள போறேல்லை.”

“ஏனக்கா?”

“எனக்குத் தண்ணியெண்டால் பயம். படகைத் துறையில கட்டி வைச்சிருந்தால் வாறன் எண்டன். மனுசனும் ஓமெண்டிட்டார். பென்ஷன் எடுத்ததும் கடலில ஓடித் திரியத்தான் வாங்கினவர், பாவம்.”

“அப்ப என்ன செய்தனீங்கள்?”

“சமைச்சம், உடுப்புக் காயப்போட்டம். அங்க ஆர் வந்தாலும் துறைப் பலகையில செருப்பைக் கழட்டிப்போட்டுத்தான் படகில ஏறோணும், எங்கட வீடு மாதிரி. யன்னலால என்ர செருப்பைப் பாத்தால்தான் எனக்கு நிம்மதி. கரை பக்கத்திலதானே எண்டு.”

இளையவர் சிரித்தார்.

“இஞ்ச வெளிக்கிடுறதுக்கு முதல்நாள், நானே படகுக் கயித்தை அவிழ்த்துவிட்டிட்டு ஏறி நிண்டன்.”

“ஐயோ! அண்ணை என்ன சொன்னவர்?”

“ஓடிப்போய் எஞ்சினைப் போட்டார். பலகையில கிடந்த என்ர செருப்பு தூரத்தில சின்னனாகிக்கொண்டே போச்சுது. அவ்வளவு ஆசைப்பட்ட மனுசன், கடலைப் பாக்கவேயில்லை. என்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவர்.”