வெள்ளிக்கிழமைக் கோழி

சனிக்கிழமை மத்தியானம், நோர்வேயில் ஹொல்ம்லியா போகும் ரயில். எனக்கு எதிரே நடுவயதுத் தம்பதி. கணவரின் மடியில் ஒரு கறுப்புப் பெயின்ட் பேணி.

"இஞ்சேருங்கோ, அந்த இறைச்சி வாட்டுற ஸ்மோக்கருக்கு உள்ளுக்கும் பெயின்ட் அடிச்சனீங்களோ?" என்று மனைவி கேட்டதும் நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

"ஓம். துருவைச் சுரண்டிப்போட்டு உள்ளும் புறமும் அடிச்சனான். வெளியிலை மட்டுந்தான் அடிக்கவேணும், உள்ளுக்கு அடிச்சால் நஞ்சு எண்டு கடைக்காரி இண்டைக்கெல்லோ சொல்லுறா."

"ஆரோ பாவிச்ச பழைய ஸ்மோக்கர் வேண்டாமெண்டு அப்பவே சொன்னனான். நேற்று அதுக்குள்ளை விறகு மூட்டிக் கோழியும் வாட்டினனீங்கள்."

"சும்மா சரிபாக்கத்தானே வாட்டினது."

"தவக்கால வெள்ளி எண்டு நாங்கள் வாயிலையும் வைக்கேல்லை. முழுக்கோழியையும் பக்கத்து வீட்டு நோர்வேக்காரக் கிழவருக்கெல்லோ குடுத்தனீங்கள்!"

"காலமை துவங்கி ஃபோன் அடிக்கிறன். மனுசன் எடுக்கிறாரில்லை."

அப்போது அவருடைய ஃபோனில் செய்தி வந்த சத்தம் கேட்டது. அதைப் படித்தும் அவர் முகம் தெளியவில்லை.

"கிழவர்தான். ஒண்டுமில்லை, சுகமாய் இருக்கிறார். நல்ல ருசியாம்."

"மாதாவே! பிறகேன் முழிக்கிறீங்கள்?"

"பாதியை மிச்சம் வைச்சிருக்கிறாராம். பேரப்பிள்ளையள் சாப்பிட வந்துகொண்டிருக்கினமாம்."

"உடனை எடுத்துச் சொல்லுங்கோ!"

அவர் எண்ணை அழுத்தவில்லை. ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"'நீங்கள் சாப்பிடேல்லையோ' எண்டுதானே அவர் முதல் கேக்கப்போறார். இல்லையெண்டால், தெரிஞ்சுதான் தனக்குத் தந்தது எண்டெல்லோ நினைப்பார்."

மனைவி அவர் கையிலிருந்து ஃபோனைப் பறித்துத் தானே அழுத்தினார்.