வேலியோரக் கீரையின் வம்சம் கண்ட முனைவர் மரியபுஷ்பம் அவர்களுக்கு

இலையைக் கிள்ளி இனத்தை அறியும் எங்கள் தாவரவியல் துறைத் தலைவரே! சுரங்க மண்மேட்டிலும் செடிகளுக்குச் சொந்தபந்தம் தேடிய சோர்வறியாச் சீமாட்டியே! எங்கள் மதியச் சாப்பாட்டுக் கீரையைக்கூடப் பூதக்கண்ணாடியில் பார்த்த பிறகே உண்ணவிட்ட பெருந்தகையே! வணக்கம்.

எந்தச் செடி எந்தச் செடிக்கு உறவு என்பதை மரபணுவில் உள்ள அடையாளங்களைக் கொண்டு கண்டறிவதே முப்பத்தோர் ஆண்டுகளாக உங்கள் பணி. கொழிஞ்சியும் ஆவாரையும் நெருஞ்சியும் உங்களிடம் வம்சத்தை ஒப்புக்கொண்டன. ஒப்புக்கொள்ளாதது ஒன்றே ஒன்று: உங்கள் குவார்ட்டர்ஸ் வேலியோரம் தானாய் முளைத்த, வேறெங்கும் காணாத அந்தக் கீரை.

ஓர் அடையாளம் அதை அரைக்கீரை என்றது. நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டீர்கள். இன்னொன்று தண்டுக்கீரை என்றது. நம் பேராசிரியர் சண்முகப்ரியா அதைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. "அவங்ககிட்ட லேப் சாவிய வாங்கிக் குடுங்க" என்று மூன்றாண்டுகள் எங்கள் வழியாகவே துறை நடந்தது. நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல!

இதைத் தீர்க்காமல் ஓய்வு பெற்றால் தூக்கம் வராது என்றீர்கள். தாய்வழி, தந்தைவழி இரண்டையும் ஒருங்கே காட்டும் புதிய அடையாளத்தைச் சென்ற மாதம் கண்டுபிடித்தும் விட்டீர்கள்! ஆனால் எடுத்து வைத்த மரபணுச் சாறு சோதனைகளிலேயே தீர்ந்திருந்தது. செடியைத் தேடினால், குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் அவசரத்தில், அன்று காலைதான் அதை வேரோடு பிடுங்கி, கட்டுக்கட்டாய் எங்களுக்கே சமைக்கக் கொடுத்திருந்தீர்கள். சண்முகப்ரியாவுக்கும் ஒரு கட்டு. அதுவும் எங்கள் வழியாகத்தான். தம் ஆய்வுச் சான்றை இத்தனை அன்போடு பங்கிட்டவர் வேறு எவருமிலர்!

"கடைஞ்சிட்டீங்களா? ஒரு எல இருந்தா குடுங்க!" என்று வீடுவீடாய் ஓடி வந்தீர்கள். எங்களில் இளம்பரிதி வீட்டில் கடைந்தாகிவிட்டது. பவுல்ராஜ் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். ருசி அபாரம் என்று அவர் சொன்னதை நீங்கள் இன்னும் மன்னிக்கவில்லை.

கடைசியில், வேறு வழியின்றி, சண்முகப்ரியாவின் கதவைத் தட்டினீர்கள். "நீங்க குடுத்த கீரை எங்க வூட்டு அடுப்புல ஏறுமாங்க? ஃபிரிட்ஜ்ல அப்படியே கெடக்குது, எடுத்துக்குங்க" என்றார் அவர். கோபம் காப்பாற்றிய கட்டு அது!

நேற்று முடிவு வந்தது: தாய் அரைக்கீரை, தகப்பன் தண்டுக்கீரை. ஆக, நீங்கள் பெண் வீடு. அவர் மாப்பிள்ளை வீடு. சம்பந்திகள் பேசாமல் இருந்தது போதும்.

பக்கத்து ஊரான வடக்குத்தில் கட்டிய புது வீட்டில், முழங்கால் வலியும் சர்க்கரையும் வாசற்படி ஏறாமல், நீடூழி வாழ்க! அந்தக் கீரைக்கட்டில் மிஞ்சிய தண்டு ஒன்றைச் சண்முகப்ரியா தம் வேலியோரம் ஊன்றினார், துளிர்த்துவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் நீங்கள் வந்து பறித்துச் செல்ல வேண்டுமாம். சொல்லச் சொன்னவர் அவர்தான். நேரில் சொல்ல வெட்கமாம்.

உங்கள் கீரையை உண்டு வளர்ந்த
தாவரவியல் துறையினர்,
நெய்வேலி