இருபத்திரண்டு செக்கன்

உபுண்டு ஓடும் கொம்பியூட்டரில் அன்சிபிள் என்ற மென்பொருளை நிறுவுவது கடினமில்லை. டெர்மினல் என்ற கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி தட்டினால் போதும். ஒரு தேத்தண்ணி குடிப்பதற்குள் முடிந்துவிடும். பிறகு ஒரு கொம்பியூட்டரில் இருந்துகொண்டே மற்ற எல்லாவற்றுக்கும் கட்டளை கொடுக்கலாம்.

நாயாற்றுப் பக்கம் எங்கள் சனசமூக நிலையத்துக்கு யாரோ பாவித்த ஐந்து கொம்பியூட்டர்கள் அன்பளிப்பாக வந்திருந்தன. பழைய கோப்புகளை அழித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றாக அழிக்க எனக்குப் பொறுமை இல்லை.

"கதிரையால எழும்பாமலே அஞ்சையும் துடைக்கப் போறியோ? உனக்கெண்டே செய்த சாமான்தான், கோகுலன்," என்றார் நிலையப் பொறுப்பாளர் பிரேமிளா அக்கா. "முதல்ல ஜோசபின் அம்மான்ர மகன்ர குரலைப் பென்ட்ரைவில எடுத்து வை."

"ஓம் அக்கா, எடுக்கிறன்."

எடுக்கவில்லை.

ஜோசபின் அம்மாவின் மகன் டினோஜன் இரண்டாயிரத்து ஒன்பதில் காணாமல் போனவன். அதற்கு முன்பு ஒரு பழைய போனில் அவன் பேசிப் பதிந்தது இருபத்திரண்டு செக்கன். போன் செத்த பிறகு அது எங்கள் மேசைக் கொம்பியூட்டரில் மட்டும்தான் இருந்தது. சனிக்கிழமைகளில் ஜோசபின் அம்மா மீன் விற்றுவிட்டு வந்து, கையைக் கழுவித் துடைத்து, ஹெட்போனை மாட்டிக் கேட்பார். கல்லறைத் திருநாளுக்குக் கோவிலில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுப்பார்கள். கணவரின் பெயரை எழுதுவார். டினோஜனின் பெயரை ஒருமுறையும் எழுதியதில்லை.

சரிபார்க்க முதலில் எங்கள் மேசைக் கொம்பியூட்டரின் பெயரைத்தான், கட்டளை போகவேண்டிய கொம்பியூட்டர்களின் பட்டியலில் போட்டேன். பச்சை எழுத்தில் பதில் வந்தது. அந்தச் சந்தோசத்தில் அந்தப் பெயரை எடுக்காமலே கீழே மற்ற ஐந்தையும் எழுதி, அழிக்கும் கட்டளையை ஓடவிட்டேன். அன்சிபிளில் பிழையில்லை. சொன்னதைச் செய்தது. ஆறிலும் செய்தது.

அடுத்த நாள் சனிக்கிழமை. ஜோசபின் அம்மாவைச் சும்மா திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. டினோஜனின் ஒவ்வொரு சொல்லும் எனக்கு மனப்பாடம்.

"அம்மா, சாப்பிட்டனீங்களோ? நான் சுகமா இருக்கிறன். வெயிலுக்க நிண்டு கருவாடு காயப்போடாதேங்கோ..."

முழுவதையும் என் குரலில் பேசி, கொஞ்சம் இரைச்சல் சேர்த்தேன். சரியாக இருபத்திரண்டு செக்கன்.

அன்றைக்கு இரண்டு தரம் கேட்டார். அடுத்த கிழமை ஐந்து தரம். மூன்றாம் கிழமை ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"வேற ஆரோ கதைக்கிற மாதிரிக் கிடக்கு, தம்பி. பெத்த பிள்ளையின்ர குரலே எனக்கு மறந்து போச்சு."

அதன் பிறகு அவர் வரவில்லை. இந்தக் கல்லறைத் திருநாளுக்குக் கோவில் பட்டியலில் டினோஜனின் பெயரையும் எழுதினாராம். குரலையே மறந்த தாயைத் தேடி அவன் எப்பிடி வருவான் என்று பிரேமிளா அக்காவிடம் கேட்டாராம்.

நான் அவருக்கு ஒரு பொய்யும் சொன்னதில்லை. அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்த அன்றைக்குக்கூட, "வயசு போனால் அப்பிடித்தான், அம்மா" என்று மட்டும்தான் சொன்னேன்.