ஓடாத படத்துக்குச் சிரித்தவர்கள்

மண்டபம் போகிற பஸ்ஸில், என் முன்சீட்டில் இரண்டு பேர். அவர்களில், சவூதியில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர் திடீரென்று சொன்னார்:

"அமெரிக்காவுல சிரிப்புப் படம் எடுக்குற டைரக்டரு ஒருத்தரு மவுத்தாயிட்டாரு மச்சான். செத்த சேதி கேட்டதுலேருந்து மனசே சரியில்ல."

"ஏன், ஒனக்குச் சம்பந்தியா?"

"மொதப் படம் நல்லா ஓடுச்சாம். பெறகு எடுத்ததெல்லாம் படுத்துருச்சாம். யாரும் சிரிக்கலயேன்னு வீட்டுக்குள்ளயே கெடந்தாராம்."

"அதுக்கு நீ என்ன செய்வ?"

"அந்த ஓடாத படத்து சீடியத்தான் சவூதியில நாங்க தங்கியிருந்த லேபர் கேம்புல மலிவா விப்பாக. வெள்ளிக்கெழம லீவுல எங்க ரூமு ஆளுக பன்னெண்டு பேரும் பாஷை தெரியாமயே விழுந்து விழுந்து சிரிப்போம். அத அவருக்கு யாரு சொன்னா?"

மச்சான் அலுப்போடு கேட்டார்:

"சீடி கெடக்கா?"

"கெடக்கு."

"வெள்ளிக்கெழம கொண்டா. நானும் சிரிச்சு வைக்கிறேன்."