கடிகாரக்காரனும் கடிகாரக்காரியும்

பீங்கான் பொம்மையை ஈரத் துணியால் துடைக்கக் கூடாது சார். காய்ந்த பிரஷ் போதும். சொன்னால் உங்கள் கான்ஸ்டபிள் கேட்பதாக இல்லை.

நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவனுக்கு இந்தப் பைத்தியம் எதற்கு என்றீர்கள். அந்தக் காலத்தில் ஜெர்மனியில் முதுகிலும் மார்பிலும் கடிகாரங்களைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்து விற்றிருக்கிறார்கள். அவர்களைத்தான் பொம்மையாகச் செய்திருக்கிறார்கள். சென்னை ஏலத்தில் ஒரு ஜோடி வந்தது. நானும் சிநேகிதன் உமாபதியும் பிரித்துக்கொண்டோம். கடிகாரக்காரி எனக்கு, கடிகாரக்காரன் அவனுக்கு. யார் முதலில் சாகிறோமோ, அவன் பொம்மை மற்றவனுக்கு. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தோம்.

போன வியாழக்கிழமை மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன். பொம்மையை என் கையில் கொடுத்தான்.

"கோவர்த்தனா, நல்லா பாத்துக்கோ. ஞாயித்துக்கெழம இது திருப்பதிக்குப் போவுது. எங்க மாப்ள கேட்டுக்கினே இருக்காரு."

"கற்பூரம் அணைச்சமேடா."

"அட, அது வெளாட்டுக்குப் பண்ணதுடா" என்று சிரித்தான்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்.

சிரித்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தான். ஜன்னலோரம் இருந்த மாத்திரையைக் காட்டி, "நாக்குக்கு அடியில வெக்கணும், எடுத்துக் குடுடா" என்றான். இரண்டே எட்டுதான். ஆனால் இந்தப் பொம்மைகளை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும் சார். சேர்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி அது.

பக்கத்தில் மேஜை இல்லையா என்கிறீர்கள். இருந்தது. அதன்மேல் துணிகூட விரித்திருந்தது.

அவன் சம்சாரம் ரத்னம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாண்ணா, பேச்சு சத்தமே காணோம்?" என்றாள். நாற்காலியின் முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"தூங்குறான்மா, எழுப்பாத" என்றேன்.

அடுப்படி வாசலோரம் இருந்த சுவிட்சில் ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டுக் காப்பி போடப் போனாள், பாவம். அப்போது அவனுக்கு உயிர் இருந்தது. கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை அடங்கும்வரை நின்றேன். பிறகு பொம்மையைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் ஜோடி சேர்த்தேன்.

ரத்னம்மா கொடுத்த கம்ப்ளெயின்ட் பொம்மை காணோம் என்றுதான். அவன் மாரடைப்பில் போனான் என்றே நம்புகிறாள். மற்றதையெல்லாம் நானாகத்தான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவன் சாகட்டும் என்றுதான் நின்றேன். கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். திருட்டு என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள் சார். நாலு பேர் மதிக்கிற குடும்பம் எங்களுடையது.